மேலுதட்டுத் தீர்மானம்

எங்கள் சபையில் பெண்களுக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. அவர்கள் பாடலாம், அழலாம், பூ அடுக்கலாம், காணிக்கைப் பையை வரிசை வரிசையாகக் கொண்டுபோகலாம். பிரசங்க மேடையில்கூட ஏறலாம், கையில் ஈரத்துணி இருக்கும் பட்சத்தில். துடைத்து முடித்ததும் இறங்கிவிட வேண்டும். துணி காய்ந்த பிறகும் மேலேயே நின்றால் அது பிரசங்கமாகிவிடும் என்று பெரிய மூப்பர் ஒருமுறை விளக்கியிருக்கிறார். ஆண்களுக்குப் பெண் போதிக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஏன் என்று கேட்டால் வேதத்தில், அப்போஸ்தலர் எழுதிய நிருபத்தில் இருக்கிறது என்பார்கள். அதே நிருபத்தில் இருக்கும் மற்ற சங்கதிகளைப் பற்றிக் கேட்டால் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

இந்த விதியில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. குழந்தைகளுக்குப் பெண்கள் போதிக்கலாம். அதற்கென்று ஆலயத்தின் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன நாற்காலிகள், பாதி அழிந்த கரும்பலகை, திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அங்கே கதை சொல்பவர் எங்கள் சலூன்காரரின் மனைவி. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

வார நாட்களில் டீச்சர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கனத்த குரலும் கட்டை மீசையுமாக வரும் ஆண்கள், 'கிளட்ச்ல இருந்து காலை மெதுவா எடுங்க' என்று அவர் சொன்னால் மெதுவாக எடுப்பார்கள். பெரிய மூப்பரே அவரிடம்தான் வண்டி கற்றார். டீச்சரின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக் இல்லாவிட்டால் மூப்பர் இன்று நமக்கு விதி சொல்ல இருந்திருக்க மாட்டார். ஆனால் அதெல்லாம் வார நாள் சங்கதி. ஞாயிற்றுக்கிழமை வேறு.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், டீச்சர் கதையை நன்றாகச் சொன்னார். குழந்தைகள் வளர்ந்தார்கள், ஆனால் அந்த அறையை விட்டுப் போகவில்லை. பெரியவர்களோடு ஆலயத்துக்குள் உட்கார வேண்டிய பையன்கள், முழங்கால் தாடையில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எங்கள் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். போதகர் தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேசியதில்லை. அவர் பிரசங்கத்தில் யாரும் விழித்திருந்ததும் இல்லை.

பெரிய மூப்பர் ஒருநாள் கை கழுவப் பின்பக்கம் போனவர், அறைக்குள் எட்டிப் பார்த்தார். பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பையன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் மேலுதட்டில் ஒரு நிழல் தெரிந்தது. மூப்பர் கையைத் துடைக்காமலே கமிட்டியைக் கூட்டினார்.

பெரிய மூப்பர் எடை அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றும் அந்தக் கை அடங்கவில்லை. உலகத்தில் அளக்க முடியாத எதையும் அவர் நம்பமாட்டார். கடவுளை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மீசை இரண்டு பக்கமும் சரிசமமாக, நடுவில் முள் நிற்கும் தராசு மாதிரி இருக்கும்.

"சபையோரே, பொம்பளைங்களுக்குப் புத்தி கம்மின்னு நான் சொல்ல வரல," என்று ஆரம்பித்தார். "எங்க வீட்டுல எல்லா முடிவும் என் சம்சாரம்தான் எடுக்கிறாங்க. இன்னிக்கு இங்க என்ன பேசணும்கிறதைக்கூட அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா அது வீடு. இது சபை. இங்க ஆம்பளைக்குப் பொம்பளை போதிச்சா, ஆம்பளை கத்துக்குவான். கத்துக்கிட்டா என்ன ஆகும்? ஏற்கெனவே அவனுக்குத் தெரியாதுன்னு ஆயிடும். அந்த அவமானத்தை நாம தாங்க முடியுமா?"

கமிட்டி தாங்க முடியாது என்றது.

"அதனால பையன் எங்க முடியறான், ஆம்பளை எங்க ஆரம்பிக்கிறான்னு நாம தெளிவா ஒரு கோடு போடணும்."

வயதை வைத்துக்கொள்ளலாம் என்றார் காரியதரிசி. காரியதரிசி எதையும் தீர்மான நடையில் மட்டுமே பேசுவார். தண்ணீர் கேட்டாலும் 'மேற்படி தண்ணீரை' என்றுதான் கேட்பார்.

"வயசு கண்ணுக்குத் தெரியாது," என்றார் மூப்பர். "கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சோதிக்கிறது? மீசை தெரியும். மீசை முளைச்சவன் ஆம்பளை. முளைக்காதவன் பையன். முடிஞ்சது."

மீசையைச் சோதிக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். சபையில் அப்படி ஒருவர்தான் இருந்தார். சலூன்காரர் கமிட்டி முன்னால் வந்து நின்றார். சாது. யார் தலையைக் கொடுத்தாலும் வெட்டுவார், யார் பேச்சையும் வெட்டமாட்டார்.

"ஐயா, அது என் சம்சாரம் எடுக்கிற வகுப்புங்க."

"அதனாலதான் உன்னைப் போடறோம். பாரபட்சம் பாக்க மாட்டேன்னு நிரூபிக்க உனக்கு இதை விட்டா வேற சந்தர்ப்பம் கிடைக்காது."

சலூன்காரருக்கு அது பெருமையா தண்டனையா என்று புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். டீச்சர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, ஊர்ல இருக்கிற ஆம்பளைங்களுக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்துட்டு வர்றேன். அதெல்லாம் பொழப்பு. எனக்குன்னு இருக்கிறது அந்த ரூம் ஒண்ணுதான். நான் சொல்றதைக் கேட்க அந்தப் பசங்க வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருப்பாங்க பாருங்க, அதுக்காகத்தான் வாரம் பூரா காத்துட்டிருக்கேன். அதையும் உங்க கையாலயே மூடப் போறீங்களா?"

"நான் மீசையைத்தான் பாக்கப் போறேன். ரூமை ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றார் அவர். சொல்லும்போது அவருக்கே அதில் நம்பிக்கையில்லை.

அடுத்த ஞாயிறு அறை வாசலில் சோதனை தொடங்கியது. பையன்கள் வரிசையில் நின்று, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல மேலுதட்டை இழுத்துக் காட்டினார்கள். பெரிய மூப்பர் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். இரண்டும் அவர் பழைய துறையுடையவை, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாராம். சின்னப் பெண்களை யாரும் சோதிக்கவில்லை. அவர்களுக்கு யார் எதைச் சொன்னாலும் சபைக்கு ஆட்சேபம் கிடையாது.

"இது மீசையா?" என்றார் மூப்பர், டிரம்ஸ் பையனைக் காட்டி.

"பூனை முடிங்க."

"பூனைக்கே மீசைதானேய்யா பேரு?"

டிரம்ஸ் பையன் ஆம்பளை என்று அறிவிக்கப்பட்டு ஆலயத்துக்குள் அனுப்பப்பட்டான். அங்கே அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆண்களோடு சேர்ந்து தூங்கினான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவன் சலூனில் நின்றான். "அண்ணே, இதை எடுத்துடுங்க." அவனுக்குப் பின்னால் அவன் கூட்டாளிகள் நின்றார்கள். எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது தொழில் தர்மமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பளபளவென்று வழுவழுத்த முகத்தோடு வாசலில் நின்று உதட்டைத் தூக்கிக் காட்டினார்கள். மூப்பர் பூதக்கண்ணாடியை ஊதித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் சலூனுக்குப் பஸ் டிரைவர் வந்தார். சபையில் பெரிய மூப்பருக்கு அடுத்த மீசை அவருடையது. எதிரே வரும் லாரிக்காரனே அதைப் பார்த்து ஒதுங்குவான் என்பார்கள்.

"எடு," என்றார்.

"நுனியையா?"

"முழுசா."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. போன ஞாயிறு அந்த ஜன்னல் பக்கம் நின்னு கேட்டுட்டிருந்தேன். சிங்கக் குகையில அந்த ஆளைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அந்த நேரம் பார்த்து மூப்பர் வந்துட்டாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம வாரம் பூரா வண்டி ஓட்ட முடியல."

"உங்களுக்கு அந்தக் கதை தெரியாதா?"

"தெரியும். அதைக் கேக்கணும்."

அவர் மீசை போனதில் அவருடைய கடைசிப் பெண் குழந்தை யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாக அழுதது. மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் குட்டி நாற்காலியில் உட்கார, நாற்காலி உடைந்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து குகைக் கதையை முழுசாகக் கேட்டார். அவரைப் பார்த்து எலக்ட்ரீஷியன் வந்தார். வங்கியில் காசாளராக இருப்பவர் வந்தார். சலூன்காரரின் கடையில் வெட்டிய மீசையை அள்ளத் தனியாக ஒரு வாளி வைக்க வேண்டியிருந்தது. ஆலயத்துக்குள் போதகருக்கு எதிரே பெஞ்சுகள் காலியாகி நீளமாகிக்கொண்டே போயின. கடைசியில் கமிட்டி மட்டும் மிஞ்சியது, முழு மீசையோடு.

அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"மழித்த மீசையும் மீசையே என்று தீர்மானிக்கலாம்," என்றார் காரியதரிசி. "மேற்படி மீசையின் வேர் உள்ளே இருப்பதால்."

"சரியான பாயிண்டு," என்றார் மூப்பர். "வேர் இருக்கா இல்லையாங்கிறதுதான் கணக்கு."

சலூன்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். "வேர் பிறக்கும்போதே எல்லாருக்கும் இருக்குங்க. கைக்குழந்தைக்கும் இருக்கும்."

கமிட்டி திடுக்கிட்டது. வேர்தான் கணக்கு என்றால் கைக்குழந்தையும் ஆம்பளை. அப்படியானால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வேதக் கதை சொல்லும் தாய்மார்கள் அத்தனை பேரும் விதியை மீறுகிறார்கள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு மூப்பரை அனுப்ப ஆள் போதாது.

"வேர் வேண்டாம்," என்றார் மூப்பர் சட்டென்று. "கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் மீசை. தெரியாதவன் பையன். பையன் போதிக்கக் கூடாது, கேக்கலாம்."

சலூன்காரர் இன்னும் உட்காரவில்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது, வம்பு பண்ணும் எண்ணமெல்லாம் கிடையாது.

"அப்ப நம்ம போதகர்?"

எல்லோரும் திரும்பிப் போதகரைப் பார்த்தார்கள். போதகர் தினமும் சுத்தமாக மழிப்பவர். இத்தனை வருஷமாக அந்த உதட்டிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள், உதட்டை அன்றைக்குத்தான் கவனித்தார்கள். அவர் மெதுவாகக் கையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

"ஐயா இனிமே வளர்த்துக்குவாரு," என்றார் மூப்பர். "வளர்ற வரைக்கும் மேடைப் பொறுப்பை நானே ஏத்துக்கறேன். எனக்கு ஆசையில்லை. ஆனா சபைக்காக."

அவருக்கு ஆசை எவ்வளவு இருந்தது என்பது அப்போதே தெரிந்தது, பிரசங்கத்தைத் தயாராக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஒரே தீர்மானமாக எழுதும் பொறுப்பு காரியதரிசியிடம் வந்தது. அவர் எழுத்தில் ஒரு சொல் அதிகமாக இருந்தால் தூக்கம் வராதவர். ஆண், பெண், பையன், ஆம்பளை, குழந்தை என்று ஒரே பக்கத்தில் இத்தனை சொற்கள் கிடந்து உருண்டதை அவரால் சகிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, மீசை என்ற ஒரே சொல்லில் சபையின் முழு ஒழுங்கையும் கட்டி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகையில் இப்படி ஒட்டியிருந்தது:

'போதிப்பது குறித்து இதுவரை நிறைவேற்றப்பட்ட விதிகள் யாவும் ரத்து செய்யப்படுகின்றன. இனிமேல் கண்ணுக்குத் தெரியும் மீசை உள்ளவர் மேடை ஏறிப் போதிப்பார். மீசை இல்லாதவர் அமர்ந்து கேட்பார். இதற்கு விலக்கு இல்லை. ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் போதிப்பவருக்கு மீசை இல்லாதபடியால் மேற்படி வகுப்பு இன்றுமுதல் மூடப்படுகிறது.'

பெரிய மூப்பர் அதைப் படித்துவிட்டுக் காரியதரிசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு சுருக்கமான தீர்மானத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

அறையைப் பூட்டினார்கள். குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். மூப்பர் மேடை ஏறி எடைக்கற்களைப் பற்றிப் பிரசங்கித்தார். அடுத்த வாரம் முகத்தல் அளவை. அதற்கடுத்த வாரம் முகத்தல் அளவையின் தொடர்ச்சி. குழந்தைகள் பெஞ்சுக்கடியில் தவழ்ந்து செருப்புகளை மாற்றிப் போட்டு விளையாடினார்கள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். டிரம்ஸ் பையன் வரவில்லை. பஸ் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போய்க்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஏன் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அறை மூடிய அன்று டீச்சர் வீட்டில் ஒரு வேலை விடாமல் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். சலூன்காரர் அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் மேல கோபமா?"

"உங்க மேல கோபப்பட்டு என்ன ஆகப் போகுது? அழுகைதான் வருது." டீச்சர் அழவே செய்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்தத் தீர்மானத்துல என்ன எழுதியிருக்கு? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம," என்றார்.

சலூன்காரர் சொன்னார்.

"பொம்பளைன்னு எங்கயாவது இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"ஆம்பளைன்னு?"

"அதுவும் இல்ல. மீசைன்னுதான் இருக்கு. பழைய விதியெல்லாம் ரத்து."

டீச்சர் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். சாலை விதிப் புத்தகத்தை வரிக்கு வரி நடத்தியே பழகியவர். போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி, போர்டு வைத்தவன் மனசில் என்ன நினைத்தான் என்று வண்டி ஓட்டுகிறவன் பார்க்க வேண்டியதில்லை என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் சலூன்காரர் செய்கிற ஒரு வேலை உண்டு. கல்யாணமான புதிதிலிருந்து நடக்கிறது, வெளியே ஒருவருக்கும் தெரியாது. நூலைப் பல்லில் கடித்துப் பிடித்து, மனைவியின் மேலுதட்டில் முளைக்கும் முடியை எடுத்துவிடுவார். டீச்சருடைய அம்மா வழியில் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தச் சனிக்கிழமையும் நூல்கண்டோடு வந்தார்.

"இந்த வாரம் வேண்டாங்க," என்றார் டீச்சர்.

"அடுத்த வாரம்?"

"நான் சொல்ற வரைக்கும் வேண்டாம்."

சலூன்காரர் நூலைப் பிடித்தபடியே நின்றார். விஷயம் அவருக்கு மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரே சிரிக்குமே."

"சிரிக்கட்டும். எல்லார் முன்னாலயும் இதைக் காட்டி நிக்க எனக்கு மட்டும் சந்தோஷமா? உடம்பெல்லாம் கூசுது. ஆனா அந்தப் பிள்ளைங்க முகம் கண்ணு முன்னாடியே நிக்குதுங்க."

அதற்குப் பிறகு டீச்சர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். வண்டி கற்க வந்தவர்கள் நம்பினார்கள்.

போதகரின் மீசையைச் சோதிக்கும் நாளும் வந்தது. பெரிய மூப்பருக்கு முகத்தல் அளவை தீர்ந்து நீட்டல் அளவை நடந்துகொண்டிருந்தது, இறங்க மனமேயில்லை, ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே. ஞாயிறு ஆராதனை தொடங்கும் முன் போதகரை மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லோரும் பார்க்கச் சோதனை நடந்தது. டீச்சர் சொல்லிவைத்திருந்ததால் பையன்கள், பஸ் டிரைவர், மற்றவர்கள் என்று பழைய கூட்டம் முழுக்க வந்திருந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

சலூன்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். போதகரின் உதட்டில் அங்கொன்று இங்கொன்றாக, மழை பொய்த்த வயல் மாதிரி சில முடிகள் நின்றன.

"உண்மையைச் சொல்லு," என்றார் மூப்பர்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இதை மீசைன்னு சொன்னா என் தொழிலுக்குத் துரோகம்."

போதகர் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வாரம் பிரசங்கம் தயாரிக்காமல் இருந்ததில் அவர் முகம் தெளிந்திருந்தது. "பரவாயில்லப்பா," என்று எழுந்து நாற்காலியை விட்டார்.

அந்த நாற்காலியில் டீச்சர் வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை அவிழ்த்தார்.

"என்னையும் பாருங்க."

பெரிய மூப்பர் கண்ணை மூடித் திறந்தார். கையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு வேலையும் இல்லை, முன் பெஞ்சில் இருந்த எனக்கே தெரிந்தது.

"சோதனை அதிகாரி சொல்லட்டும்," என்றார் டீச்சர்.

சலூன்காரர் டார்ச்சைத் தூக்கினார், இறக்கினார். தன் மனைவிக்கு மீசை இருக்கிறது என்று சபை நடுவில் நின்று சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? இல்லை என்று சொன்னால் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம், எல்லாம் அதோடு முடிந்துவிடும். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சலூன்காரருக்கு அழுகை வந்தது.

"இருக்குங்க," என்றார். "நல்ல மீசைங்க. கல்யாணமான நாள்ல இருந்து எனக்குத் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். பஸ் டிரைவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அடங்கியது. மீசை இல்லாமலேயே அவரால் அது முடிந்தது.

"இது... இது விதியோட நோக்கம் இல்ல," என்றார் மூப்பர். "மீசைன்னா ஆம்பளை மீசைன்னு அர்த்தம்."

"அப்படி எழுதலையே ஐயா," என்றார் டீச்சர். "மீசை கணக்குன்னா நான் மேடை ஏறணும். கணக்கில்லைன்னா அந்த ரூமைத் திறந்துவிடுங்க, யார் வேணா வந்து கேட்கட்டும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மூப்பர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி தன் அழகான தீர்மானத்தைப் பார்த்தார், அதில் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குப் பதிலாக அவர் கையையே வெட்டிக்கொள்வார். கமிட்டி ஆலோசித்து முடிவு சொல்லும் என்று அறிவித்துவிட்டு, எல்லோரும் போதகரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஜன்னலையும் சாத்தும் சத்தம் கேட்டது. தற்செயலாக ஏதாவது காதில் விழுந்து, போதனை பெற்றுவிடக் கூடாது என்ற ஜாக்கிரதைதான்.

போதகர் மைக்கை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். பிறகு தன்னிடமிருந்த சாவியால் பின்னறையைத் திறந்து ஒரு குட்டி நாற்காலியைத் தூக்கிவந்து, மேடைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். டீச்சர் மேடை ஏறினார். கையில் ஈரத்துணி இல்லாமல் அங்கே நின்ற முதல் பெண் அவர்தான்.

"தொலைஞ்சு போனதைத் தேடற கதை மூணு வரிசையா இருக்கு," என்று ஆரம்பித்தார். "தொலைஞ்ச ஆட்டைத் தேடிப் போற மேய்ப்பன் கதையை இங்க கேட்டிருக்கோம். வீட்டை விட்டு ஓடிப்போன பையன் கதையும் கேட்டிருக்கோம். நடுவுல ஒருத்தி இருக்கா. ஒரு வெள்ளிக்காசு தொலைஞ்சு போச்சுன்னு விளக்கேத்தி வீடு பூரா பெருக்கித் தேடறா. அவளைத் தாண்டித் தாண்டியே போயிருக்கோம். ஆடு தானா வழிதவறிப் போகும். பையன் தானா கோவிச்சுக்கிட்டுப் போவான். காசுக்குக் காலில்ல. அது தானா எங்கயும் போகாது."

நான் அந்த ஆலயத்தில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் விழித்திருந்தேன்.

டீச்சர் முடித்து இறங்கியபோதும் கமிட்டியின் கதவு திறக்கவில்லை. சலூன்காரரும் நானும் போய்த் தட்டினோம். தாழ்ப்பாள் விலகியது. உள்ளே வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். முடிவு எதுவும் எட்டவில்லை. மீசையை விட்டுவிட்டுக் குரல் கனத்தை அளக்கலாமா என்பதுவரை வந்திருந்தார்களாம்.

"முடிஞ்சுதா?" என்றார் பெரிய மூப்பர்.

"முடிஞ்சுதுங்க."

"என்ன சொன்னாங்க?"

சலூன்காரர் தயங்கினார். "கேட்டா தப்பாகாதா ஐயா?"

"அவங்க சொன்னாத்தான் போதனை. நீ சொன்னா தகவல். சொல்லு."

சலூன்காரர் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னார். மேய்ப்பன், ஆடு, பையன், காசு. காசுக்குக் காலில்லை என்ற இடம் வந்ததும் மூப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

"காசு தானா தொலையாது, வீட்டுக்குள்ள இருக்கறவங்கதான் தவறவிட்டிருப்பாங்கன்னு சொன்னாங்க."

"யாரு தவறவிட்டது?"

"அந்த இடத்துல ஒரு குழந்தை அழுதுச்சுங்க. எனக்குச் சரியா காதுல விழல."

மூப்பர் என்னைப் பார்த்தார். எனக்குக் காதில் விழுந்திருந்தது, ஆனால் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என் வேலை இல்லை என்று தோன்றியது. மூப்பர் மேசைமேல் ஸ்கேலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, திறந்திருந்த கதவுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்க."

டீச்சர் வந்து வாசலில் நின்றார். மூப்பர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் காசை யாரு தொலைச்சதுன்னு சொன்னீங்களாமே. அதை மட்டும் சொல்லுங்க. உட்கார்ந்து சொல்லுங்கம்மா, நின்னுட்டுச் சொன்னா பிரசங்கம் ஆயிடும்."

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். மூப்பரைப் பார்த்தார்.

"நின்னுட்டுத்தான் சொல்லுவேன், ஐயா."

பெரிய மூப்பர் காரியதரிசியைத் திரும்பிப் பார்த்தார். காரியதரிசி பேனாவை மூடினார். மூப்பர் தன் இடத்திலிருந்து எழுந்து, டீச்சருக்குப் போட்ட நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "சொல்லுங்க."